பத்தாண்டு விசா இருந்தால் ஓராண்டு தங்கலாமா?

கேள்வி: அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்து, என் பெற்றோருக்கு 10 ஆண்டு சுற்றுலா விசா கிடைத்திருக்கிறது. டாலஸில் தம்பி வீட்டில் ஓராண்டு சேர்ந்தாற்போல் இருக்கட்டும் என்று நினைக்கிறோம். விசா என்றாலே தங்குவதற்கான அனுமதிதானே?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லது.

விசா என்ற சொல்லிலேயே உங்களுக்கான விடை இருக்கிறது. லத்தீனில் 'சார்ட்டா வீசா' என்றால் 'பார்க்கப்பட்ட தாள்'. வீடியோ என்ற சொல்லுக்கும் அதுவே வேர். பயணியின் பாஸ்போர்ட்டை அதிகாரி வாங்கிப் பார்த்து, சரிபார்த்ததற்கு அடையாளமாகக் கையெழுத்தோ முத்திரையோ இட்ட வழக்கத்தில் வந்த பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து நமக்கும் வந்து சேர்ந்தது. தமிழில் 'நுழைவிசைவு' என்கிறோம். அழகான சொல்தான், ஆனால் உள்ளே போகும் உரிமையே கைக்கு வந்துவிட்டது என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை எடுத்துப் பாருங்கள். காலாவதித் தேதி ஒன்றும், எத்தனை முறை என்ற இடத்தில் 'எம்' என்ற எழுத்தும் இருக்கும். அந்தத் தேதிவரை எத்தனை முறை வேண்டுமானாலும் அமெரிக்க விமான நிலையத்தில் போய் நின்று அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான் பொருள். உள்ளே விடுவதும், எதுவரை தங்கலாம் என்று தீர்மானிப்பதும் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி. சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு வழக்கமாக 6 மாதம் தருகிறார்கள். அந்தக் கெடு 'ஐ-94' என்னும் பதிவில் இருக்கும். பெற்றோர் போய் இறங்கியதுமே தம்பி அதை இணையத்தில் எடுத்துத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

கெடு தாண்டினால் அந்த 10 ஆண்டு விசா தானாகவே செல்லாததாகிவிடும். கெடு முடிந்த பிறகும் 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 ஆண்டுகளும், அப்படியே ஓராண்டோ அதற்கு மேலோ தங்கினால் 10 ஆண்டுகளும் மறுபடி நுழையத் தடை வரும். வயதானவர்களுக்கு இந்த வம்பு வேண்டவே வேண்டாம். கூடுதலாக இருந்தே ஆக வேண்டிய காரணம் வந்தால், கெடு முடிவதற்குள் 'ஐ-539' படிவத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

இன்னொன்று: இடையில் பாஸ்போர்ட் காலாவதியானாலும் அதிலுள்ள விசா செல்லும். பழையது, புதியது இரண்டையும் பயணத்தில் சேர்த்தே எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.