"எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்"

கேள்வி: எனக்கு 22 வயது. ஊர் தம்பிலுவில், மட்டக்களப்பில் தங்கிப் படிக்கிறேன். வகுப்பில் எழும்பிப் பேசச் சொன்னால் கை நடுங்கும், முகம் சூடேறும், குரல் அடைக்கும். ஆட்கள் பார்க்கச் சாப்பிடவும் முடியாது. கலியாண வீடு ஒன்றுக்குப் போய் ஒரு வருசத்துக்கு மேல். தனியே இருந்து கொப்பியில் படம் கீறும்போது மட்டும் மனம் ஆறுகிறது. அதையும் ஒருவருக்கும் காட்டியதில்லை. "வெட்கம்தானே, கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்கிறா அம்மா. இது வருத்தமா டொக்டர்?

பதில்: தங்கச்சி, வெட்கம் என்றால் ஆட்களோடு பழகப் பழகக் கரைந்துவிடும். உங்களுக்கு வகுப்பும் சாப்பாடும் சொந்தக்காரரின் கலியாண வீடும் கைவிட்டுப் போயிருக்கின்றன. ஆறு மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அதை நாங்கள் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறோம். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும், குணப்படுத்தக்கூடியது. கலியாணம் அதற்கு மருந்தல்ல என்பதை அம்மாவுக்கு நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எழும்பி நிற்கும்போது உங்கள் கவனம் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பாடத்திலும் இல்லை, கேட்பவர்களிலும் இல்லை. கை நடுங்குதா, முகம் சிவந்துவிட்டதா என்று உங்களையே காவல் பார்க்கிறது. உள்ளே அடிக்கும் நெஞ்சு வெளியேயும் கேட்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கூச்சப்பட வைக்கும் படம் போட்ட சட்டையோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையிலிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான்.

படம் கீறும்போது ஏன் ஆறுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. கண் கோட்டைப் பார்க்கிறது, கை பென்சிலைப் பார்க்கிறது, உங்களைக் காவல் காக்க ஆளில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவருக்கும் காட்டாத கொப்பி ஒளிந்திருக்கும் அறையாகவும் மாறலாம். ஒளியும் ஒவ்வொரு தடவையும் "தப்பினேன்" என்று மனம் நினைக்கும், அடுத்த முறை பயம் இன்னும் கூடும்.

நம் பக்கத்துக் கூத்துப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார், சட்டம் (ஆடுகிறவர் பாடிப் பேசவேண்டியதை எழுதிய ஏடு) கொடுத்த மறுநாளே யாரையும் ஊர் முன்னால் நிறுத்தமாட்டார். முதலில் பாட்டும் தாளமும். பிறகு காலில் சதங்கை கட்டி ஆடும் சதங்கை அணிதல், கிழமைதோறும் ஆடிப் பார்க்கும் கிழமைக்கூத்து, முழுக்கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல். மாதக்கணக்கில் பழகிய பிறகுதான் அரங்கேற்றம். பார்க்கும் கண்கள் கொஞ்சம் கொஞ்சமாகவே கூடும். கூத்தாடும் வட்டமான மேடையாகிய வட்டக்களரியில் ஒளிய ஒரு பக்கமும் கிடையாது, நாலாபுறமும் சனம். அப்படியிருந்தும் ஆடுகிறவரின் கவனம் மத்தளத்தில் இருக்கிறது, அடுத்த அடியில் இருக்கிறது. மனநல சிகிச்சையில் நாங்கள் படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ள வைப்பதும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். அதனால்தான் இந்தப் பயத்துக்குக் கலைப் பழக்கத்தை நான் விரும்பிச் சொல்கிறேன்.

உங்கள் சட்டம் அந்தக் கொப்பிதான். இந்தக் கிழமை ஒரே ஒரு படத்தை, நீங்கள் மிகவும் நம்பும் ஒருவருக்குக் காட்டுங்கள். காட்டும்போது "சும்மா கீறினது, வடிவில்லை" என்று முந்திச் சொல்லாதீர்கள்; அந்த மன்னிப்பும் ஒரு ஒளிப்புத்தான். அவர் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். நெஞ்சு படபடக்கும், பிறகு தானாக இறங்கும். அது இறங்குவதை நீங்கள் இருந்து காணவேண்டும். அதே படியில் மூன்று நாலு தடவை நின்று பழகிய பிறகு, அறைத் தோழிகள் இருக்கும்போதே கீறுங்கள். அடுத்தது கல்லடிக் கடற்கரையில் பின்னேரம் கொப்பியோடு இருப்பது. யாராவது எட்டிப் பார்த்தால் மூடாதீர்கள். வகுப்பில் பேசும் நாளில் நீங்களே கீறிய வரைபடம் ஒன்றைக் கொண்டுபோய் அதைக் காட்டி விளக்குங்கள். ஒரு படி கனத்தால் அதை இரண்டாக உடையுங்கள், ஆனால் பாதியில் எழும்பி ஓடவேண்டாம்.

இதோடு ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் பேச்சு வழியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்யும். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். அதன் பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும். நடுக்கத்துக்கென்று தோழி தரும் குளிசையைப் போடாதீர்கள், முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்களுக்குச் சில குளிசைகள் ஆபத்து. நித்திரை கெட்டு, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த நாள்வரை பொறுக்காமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து எனக்குத் திரும்ப எழுதுங்கள். கடிதத்தோடு ஒரு படமும் வரவேண்டும்.