முதல் வரியில் எந்தப் பைத்தானைக் கேட்பது?

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் எழுதி நான் பராமரிக்கும் திறமூலத் திட்டத்தில், எந்த மென்பொருளால் ஓட்ட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் முதல் வரியில் வெறும் 'பைத்தான்' என்றே எழுதியிருக்கிறேன். என் கணினியில் ஓடுகின்றன. சிலருக்கு மட்டும் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று பிழை வருகிறதாம். '3.8' என்று பதிப்பைச் சேர்த்துவிடலாமா?

பதில்: '3.8' வேண்டாம். '#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைத்தான்3' என்று, ஆங்கில எழுத்துகளில், எழுதுங்கள்.

வெறும் 'பைத்தான்' என்ற பெயருக்கு எல்லாக் கணினிகளிலும் ஒரே பொருள் இருந்ததில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் வழங்கல்களில் (தொகுப்புகளில்) ஒன்றான ஆர்ச் லினக்ஸ் 2010-லேயே அந்தப் பெயரை மூன்றாம் பதிப்புக்குக் கொடுத்துவிட்டது. மற்ற பல வழங்கல்களில் அது நெடுநாள் இரண்டாம் பதிப்பையே குறித்தது. 2020 ஜனவரி 1-இல் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது. டெபியன் என்ற மற்றொரு வழங்கலின் 11-ஆம் பதிப்பைப் புதிதாக நிறுவினால் அந்தப் பெயரே இயல்பாக இருக்காது. உங்கள் பயனர்கள் சந்திப்பது பெரும்பாலும் இதைத்தான்.

'3.8' என்று எழுதினால் 'குறைந்தது 3.8' என்று கணினி புரிந்துகொள்ளாது. 'பைத்தான்3.8' என்ற பெயருள்ள கோப்பைத்தான் தேடும். டெபியன் 12-இல் இருப்பது 3.11. உங்கள் நிரல் அதில் நன்றாகவே ஓடக்கூடும், ஆனால் தொடங்கவே தொடங்காது.

குறைந்தபட்சப் பதிப்பைச் சொல்ல வேண்டிய இடம், திட்டத்தின் விவரங்களைக் கொண்ட 'பைப்ராஜெக்ட்.டாம்ல்' கோப்பு. அதில் 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' என்பதற்கு எதிரே '>=3.8' என்று எழுதினால், பழைய பைத்தானில் நிறுவ, பைத்தானின் நிறுவு கருவியான பிப் மறுத்துவிடும். திட்டத்தின் நிரல் களஞ்சியத்தைப் படியெடுத்து நிரலை நேரடியாக ஓட்டுபவருக்கு இந்தக் காவல் கிடையாது. அவருக்காக நிரலுக்குள்ளேயே பதிப்பைச் சோதிக்க வேண்டும். இங்கேதான் அனுபவசாலிகளும் தடுக்கி விழுகிறார்கள். பைத்தான் ஒரு கோப்பை முழுவதும் படித்துத் தொகுத்த பிறகே முதல் கட்டளையை இயக்கும். 3.10-இல் வந்த 'மேட்ச்' என்ற கட்டளை அதே கோப்பில் எங்காவது இருந்தால், 3.9 இலக்கணப் பிழை என்று நின்றுவிடும். நீங்கள் அக்கறையோடு எழுதிய எச்சரிக்கையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே சோதனையைப் பழைய இலக்கணத்திலேயே எழுதிய சிறிய தொடக்கக் கோப்பில் வையுங்கள். பதிப்பு சரியாக இருந்தால் மட்டும் அது முதன்மைக் கோப்பை இறக்குமதி செய்யட்டும்.

நேரான பாதையை எழுதாமல், பெயரைக் கொண்டு மென்பொருளைத் தேடித்தரும் 'என்வ்' வழியாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. மெய்நிகர் சூழலை (ஒரு திட்டத்துக்கென்று தனியாக அமைத்த பைத்தானை) இயக்கியிருப்பவருக்கு அந்தச் சூழலின் பைத்தானே கிடைக்கும். உங்கள் நிரலை டெபியனுக்காகப் பொதியாக்குபவர்கள் இந்த வரியை நேரான பாதையாக மாற்றினால் மறுக்காதீர்கள். பயனர் தனியாக நிறுவிய பைத்தானால் அமைப்பின் கருவிகள் உடையக் கூடாது என்பது அவர்கள் கவலை, அது நியாயமானது.

மாற்றிய பிறகும் அதே பிழை வந்தால், கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். அங்கே வரி முடிவில் சேரும் கண்ணுக்குத் தெரியாத குறியையும் லினக்ஸ் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். வரி முடிவுகளை யூனிக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமித்தால் பிழை போய்விடும்.