வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? நிதித்துறை வேலை குறித்து ஒரு தாயாருக்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பி.காம். முடிக்கப்போகும் உங்கள் மகளுக்கு ஈரோட்டில் மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்திருப்பதையும், மாநில நிதித்துறையின் சராசரி வார வேலைநேரத்தைப் படித்துவிட்டு நீங்கள் கலங்கிப்போயிருப்பதையும் எழுதியிருந்தீர்கள். கோபியிலிருந்து தினமும் பேருந்தில் போய்வர வேண்டிய பெண்ணைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கவலைக்குச் சராசரியில் விடை கிடைக்காது. ஒருவர் 40 மணி நேரமும் மற்றொருவர் 60 மணி நேரமும் உழைத்தால் சராசரி 50 என்று வரும். 50 மணி நேரம் உழைத்தவர் அங்கே ஒருவரும் இல்லை. பொதுத்துறை வங்கியின் எழுத்தர், நாமக்கல்லில் லாரி பைனான்ஸ் வசூலுக்குச் செல்பவர், காப்பீட்டு நிறுவன ஊழியர் ஆகிய எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண் அது. எந்த வேலை, எந்த மாதம் என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் மகளின் நாள் எப்படி இருக்கும் என்பது தெரியும்.

முதல் அழைப்பு தனியார் வங்கிக் கிளையிலிருந்து வந்தது. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை என்பது 2015 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. கவுன்ட்டரை மூடியதும் வேலை முடிந்துவிடுவதில்லை; அன்றைய ரொக்கம் கணக்கோடு ஒத்துப்போகும் வரை காசாளர் எழுந்திருக்க முடியாது. மாதக் கடைசியில் இலக்கு நெருக்கும், மார்ச் இறுதியில் ஆண்டுக் கணக்கு முடிப்பு இருக்கும்.

இரண்டாவதான, பெண்கள் குழுக்களுக்குச் சிறு கடன் தரும் நுண்கடன் நிறுவனத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். கடன் வாங்கிய பெண்கள் மில்லுக்கும் தோட்டத்துக்கும் கிளம்புவதற்கு முன்பே குழுக் கூட்டம் நடத்த வேண்டியிருப்பதால், களப்பணியாளரின் நாள் பெரும்பாலும் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பிறகு ஊர் ஊராக வண்டியில் சென்று, வசூலான பணத்தைக் கிளையில் கட்டி, பதிவுகளை முடித்து, தவணை தவறியவர்களைத் தொடர வேண்டும். தவணைக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் நெறிமுறை வகுத்தது. அந்த நேரத்துக்குப் பிறகும் பணியாளரை வசூலுக்கு அனுப்புகிறார்களா என்பதை நேர்காணலிலேயே கேட்கச் சொல்லுங்கள். தெளிவான பதில் வராத இடத்துக்கு உங்கள் மகளை அனுப்ப எனக்கு மனமில்லை.

மூன்றாவது ஆடிட்டர் அலுவலகம். புள்ளிவிவர வகைப்பாட்டில் அது நிதித்துறைக்குள்ளேயே வராது என்பதால், நீங்கள் படித்த எண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே வேலையின் அழுத்தத்தைத் தீர்மானிப்பவை கெடு தேதிகள்: ஒவ்வொரு மாதமும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்கு 11, 20 தேதிகள், பிறகு வரித் தணிக்கைக் காலமான செப்டம்பர், அக்டோபர். அந்த இரண்டு மாதங்களில் வீடு திரும்ப இரவாகலாம், மற்ற மாதங்கள் பெரும்பாலும் இலகுவாகவே போகும். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிக்கும் எண்ணம் உங்கள் மகளுக்கு இருந்தால், பயிற்சி மாணவர்களுக்கு வாரம் 35 மணி நேரம் என்று அந்தப் படிப்பை நடத்தும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமே விதித்திருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே வரம்பு. மிகைநேரம் சேர்ந்தாலும் வாரம் 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அந்த மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் உண்டு. மேலாண்மைப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. புதிதாகச் சேர்பவருக்கே 'டெபுடி மேனேஜர்' என்று பட்டம் கொடுக்கும் இடங்கள் இருப்பதால், பதவிப் பெயரைப் பார்த்து மகிழ்வதற்கு முன், உண்மையில் என்ன பொறுப்பு தரப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

உங்கள் மகள் அந்த மூன்று இடங்களிலும் ஓராண்டு வேலை பார்த்த ஒருவரையாவது சந்தித்து, போன வாரம் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், மார்ச்சில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று விசாரிக்கட்டும். பிறகு பணி நியமனக் கடிதத்தில் வேலைநேரம், வார விடுமுறை, இரவானால் போக்குவரத்து ஆகியவை எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள். கையெழுத்திடும் முன் அதன் நகலை எனக்கும் அனுப்பி வையுங்கள்.