நூலகரைக் கேளுங்கள்: பென் டிரைவும் ஒரு டீயும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கல்லூரி ரெப்பாசிட்டரி. பெயர் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஒரு கல்லூரியில் எழுதப்படும் கட்டுரை, ஆய்வேடு, வினாத்தாள் எல்லாவற்றையும் அந்தக் கல்லூரியே இணையத்தில் ஓரிடத்தில் சேர்த்துத் திறந்து வைப்பது. தமிழில் நிறுவனக் களஞ்சியம் என்று எழுதுவோம்; பேச்சில் ரெப்பாசிட்டரிதான்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழு வரப்போகிறது என்று முதல்வர் அவசரப்படுத்தியதால் ரெப்பாசிட்டரிக்கான டி-ஸ்பேஸ் மென்பொருளை நிறுவிவிட்டோம். 7 மாதத்தில் வந்தது 14 கட்டுரை. அதில் 9 என்னுடையவை. மூன்று சுற்றறிக்கை அனுப்பியாயிற்று. வேறென்ன செய்வது? (கல்லூரி நூலகர், திண்டுக்கல் மாவட்டம்)

9 கட்டுரை உங்களுடையதா? அப்படியானால் நீங்கள் என்னைவிடத் தேவலை. எங்கள் கல்லூரியில் முதல் ஆறு மாதமும் பழைய வினாத்தாளைத் தவிர வேறெதுவும் இல்லை.

சுற்றறிக்கையை நம்பாதீர்கள். பியூன் நீட்டுவார், ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவார்கள், அடுத்த அறைக்குப் போய்விடும். நானும் நாலைந்து அனுப்பிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு மூன்றரை மணி டீ நேரத்தில் இயற்பியல் துறைக்குப் போனேன். “சார், போன வருஷம் உங்க பேப்பர் ஒண்ணு வந்துச்சே, அந்த வேர்டு ஃபைல் இருக்கா?” மகள் கல்யாணப் பத்திரிகைக்கும் எல்.ஐ.சி. ரசீதுக்கும் நடுவில் தேடி எடுத்துக் கொடுத்தார். அவர் டீ ஆறுவதற்குள் பதிவேற்றிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, எங்கோ வடக்கேயிருந்து ஒரு மாணவர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்டு அவருக்கு மெயில் போட்டிருக்கிறார். மறுநாள் காலை நூலகம் திறக்கும்போது மனிதர் கையில் நாலு சிடியோடு வாசலில் நிற்கிறார். அதில் ஒன்று திறக்கவில்லை என்பது வேறு கதை.

அப்புறம் ஒரு சின்னத் தந்திரம். யார் கட்டுரையை எத்தனை பேர் இறக்கினார்கள் என்று டி-ஸ்பேஸே கணக்கு காட்டும். மாதம் ஒரு தடவை அதை அச்செடுத்து நூலக நோட்டீஸ் போர்டில் குத்தி வையுங்கள். நான் குத்திய வாரமே வேதியியல் துறையிலிருந்து, “எங்க பேரு ஏன் இல்ல?” என்று கேட்டு வந்தார்கள்.

ஆசிரியர்களையே படிவம் நிரப்பச் சொல்வது வீண். ஆசிரியர் பெயருக்கு டி-ஸ்பேஸில் இரண்டு கட்டம் வரும்: கடைசிப் பெயர், முதல் பெயர். நம் ஆட்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதானே இனிஷியல்? அதைக் கடைசிப் பெயர் என்று போடுவதா, வேண்டாமா? ஒருவர் ஒரு மாதிரி போடுவார், அடுத்த தடவை அவரே வேறு மாதிரி போடுவார். எங்கள் கணிதப் பேராசிரியர் ஒருவர் ஐந்து ஆட்களாக ரெப்பாசிட்டரியில் உட்கார்ந்திருந்தார். ஒரு விதியை நீங்களே முடிவு செய்து எழுதி வைத்து, நீங்களே நிரப்புங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகக் கிடைக்கும் ஆர்க்கிட் எண் (16 இலக்கம், இலவசம்) வாங்கச் சொல்லி அதையும் சேர்த்துவிட்டால் பெயர்க் குழப்பம் பெருமளவு தீரும்.

இன்னொன்று. டி-ஸ்பேஸ், எம்.ஐ.டி. நூலகமும் ஹெச்.பி. நிறுவனமும் சேர்ந்து செய்து 2002-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். அதே 2002-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் இ-பிரிண்ட்ஸ் மென்பொருளைக் கொண்டு நாட்டின் முதல் களஞ்சியத்தைத் தொடங்கியது. இ-பிரிண்ட்ஸும் இலவசம்தான். ஆகவே ‘மென்பொருள் விலை’ என்று பில் நீட்டுகிறவரிடம் உஷாராக இருங்கள். பராமரிப்புக்குக் கேட்டால் கொடுக்கலாம், நியாயம்.

காப்பு நகலை அதே கணினியில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். யு.பி.எஸ். பேட்டரி போன இரவு, ஹார்டு டிஸ்க்கோடு எட்டு மாத உழைப்பும் போனது. யாரையும் குறை சொல்ல முடியவில்லை, சர்வரை என் மேஜைக்கு அடியில் வைத்தவளே நான்தான்.

எல்லா பி.டி.எஃப்.பையும் கூகுள் டிரைவில் போட்டு லிங்க் கொடுத்தால் போதாதா? (உதவிப் பேராசிரியர், கரூர்)

அந்த டிரைவ் யார் மெயிலில் இருக்கிறது? அவர் வேலையை விட்டுப் போனால் லிங்க்கும் போய்விடும். ரெப்பாசிட்டரி தரும் ‘ஹேண்டில்’ முகவரி, பராமரிக்கிற வரை, சர்வர் மாறினாலும் மாறாது.

என் ஆய்வேட்டை சோத்கங்காவில் ஏற்றினால் திருடிவிடுவார்களே? நெறியாளரும் பயப்படுகிறார். (ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை)

சோத்கங்கா என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துத் திறந்து வைத்திருக்கும் இணையக் களஞ்சியம். அதில் ஏற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பத்தில் இல்லை. 2009-இல் யு.ஜி.சி. விதி வந்த நாளிலிருந்து, முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியைப் பல்கலைக்கழகம், சோத்கங்காவை நடத்தும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குக் கொடுத்தாக வேண்டும். இன்று அங்கே 5 லட்சத்துக்கு மேல் ஆய்வேடுகள் இருக்கின்றன.

திருட்டு விஷயத்துக்கு வருவோம். முன்பு ஆய்வேடு பீரோவில் பூட்டிக் கிடந்தபோது திருட்டு நடக்கவில்லையா என்ன? ஒருவர் எடுத்துப்போய் முழுக்க ஜெராக்ஸ் போட்டு, ஊர் பெயரை மட்டும் மாற்றி வேறு பல்கலைக்கழகத்தில் கொடுத்தால் கண்டுபிடிக்க ஆளே இல்லை. இப்போது உங்கள் பெயரும் தேதியும் போட்டு வெளியே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் கண்ணில் படும். 2018 யு.ஜி.சி. விதிப்படி ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. வெளியே இருப்பதுதான் உங்களுக்குக் காவல்.

காப்புரிமைக்கு (பேடன்ட்) விண்ணப்பிக்கும் எண்ணமிருந்தால் மட்டும் ஏற்றுவதற்கு முன்பே நெறியாளரிடமும் நூலகரிடமும் சொல்லி, ஆய்வேட்டைக் கொஞ்ச காலம் வெளியே காட்டாமல் வைக்கும் தடைக்காலம் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்றிய பிறகு வந்து அழுதால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

வெளிநாட்டு இதழில் வந்த என் கட்டுரையைக் களஞ்சியத்தில் போடலாமா? வழக்கு வந்துவிடுமோ? (விலங்கியல் துறை, நாகர்கோவில்)

இதழின் முத்திரையோடு வந்த பி.டி.எஃப்.பைக் கேட்காமல் போடாதீர்கள். உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் படிவத்தை யாரும் படிப்பதில்லை. ஆனால் மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தமெல்லாம் முடித்து நீங்கள் கடைசியாக அனுப்பினீர்களே வேர்டு ஃபைல், அதைப் போடப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. சில உடனே, சில 6 அல்லது 12 மாதம் கழித்து. ஷெர்பா ரோமியோ என்று பல வருடம் பெயர் வாங்கிய தளம் இப்போது ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ ஆகியிருக்கிறது. இதழின் பெயரைக் கொடுத்தால் நிபந்தனையைக் காட்டும். அதற்காகவாவது அந்த வேர்டு ஃபைலை அழிக்காமல் வைத்திருங்கள். பத்தில் எட்டுப் பேர், “அது பழைய லேப்டாப்ல போச்சு மேடம்” என்பார்கள்.

என் ஆய்வேடு தமிழில். சிற்றூர்த் தெய்வ வழிபாடு பற்றியது. களஞ்சியத்தில் இருக்கிறது, ஆனால் தேடினால் வருவதே இல்லை. ஏன்? (தமிழ்த் துறை, காரைக்குடி)

டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்தீர்களா? ஒரு சோதனை செய்யுங்கள். பி.டி.எஃப்.பில் ‘தமிழ்’ என்ற சொல்லைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழுந்தால், அதுதான் நோய். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலம். தேடுபொறி எப்படிக் கண்டுபிடிக்கும்? 2010-லேயே தமிழ்நாடு அரசு, எந்தக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடு முறையைத் தரமாக அறிவித்துவிட்டது. டிடிபி சென்டர்கள் பலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டாம். மூல வேர்டு ஃபைல் இருந்தால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுங்கள். சில நிமிட வேலை. ஆனால் மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் ‘தமிழாக்கி’ வைத்துவிடும். அச்சுப்படி மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருளில் கொடுக்கலாம்; டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழ் படிக்கும், தாள் மங்கலாக இருந்தால் தடுமாறும்.

இரண்டுக்கும் நேரமில்லையென்றால் தலைப்பு, சுருக்கம், பத்து குறிச்சொற்கள், இவற்றை மட்டும் யூனிகோடில் அடித்து உங்கள் நூலகருக்கு அனுப்புங்கள். குறிச்சொல்லில் ‘நாட்டார் தெய்வம்’ என்று மட்டும் போடாமல், சுடலைமாடன், இசக்கி என்று நீங்கள் கள ஆய்வு செய்த சாமிகளின் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடுங்கள். சனங்கள் அப்படித்தான் தேடுகிறார்கள்.