பருத்திக்காய் வெடிக்கட்டும், ஆளிக்காய்க்குக் காத்திருக்க வேண்டாம்

பெங்களூரு அல்சூரில் மொட்டை மாடித் தொட்டிகளில் பருத்தியும், லினன் நார் தரும் ஆளிச்செடியும் வளர்க்கும் வாசகி ஒருவர், பூ உதிர்ந்து இரண்டு மாதமாகியும் பருத்திக்காய் வெடிக்கவில்லை, பழுப்பேறிய ஆளிக்காயைப் பிளந்தால் உள்ளே நாரே இல்லை, மீதிக் காய்களையும் கையாலேயே உடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

பருத்திக்காயை உடைக்காதீர்கள். பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதைத்தோலின் ஒற்றை உயிரணு நீண்டு உருவானது. பூ மலர்ந்தபின் ஏறத்தாழ முதல் மூன்று வாரங்களில் அது நீளுகிறது, அதன் பிறகுதான் உட்புறத்தில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிந்து வலுப்பெறுகிறது. அவசரப்பட்டுப் பிளந்த காயில் ஈரமாக ஒட்டிக்கிடக்கும் சுளைகள், உலர்ந்தாலும் நூற்க உதவா. வழக்கமாக 45 முதல் 60 நாட்களில் வெடிக்கும் காய், பெங்களூரின் குளிர்மாதங்களில் இன்னும் தாமதிப்பது இயல்பே. ஐயமிருந்தால் ஒரே ஒரு காயைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். இழைகள் எளிதில் அறுபடாமல் கத்தியோடு இழுபட்டு, விதைத்தோலும் பழுப்பாக இருந்தால் அது முற்றிய காய். விதை வெண்மையாகவும் உள்ளே நீர்ப்பதமாகவும் இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். காயின் ஓடு உலர்ந்தால்தான் பிளவு விடும் என்பதால், முற்றிய செடிக்குத் தண்ணீரைக் குறைத்து, காயை மறைக்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால், வெடிக்கத் தொடங்கிய காய்களைப் பறித்து நிழலில், காற்றோட்டமாக உலர்த்துங்கள். ஓட்டில் சிறு துளை தெரிந்தால் அது பெரும்பாலும் காய்ப்புழுவின் வேலை. அந்தக் காய்களை உடனே அப்புறப்படுத்துவது நல்லது.

ஆளியில் நார் இருப்பது தண்டின் பட்டையில். காயில் விதை மட்டுமே உண்டு. பட்டாணியளவு உருண்டைக்குள் ஐந்து அறைகள், ஒவ்வொன்றும் இரண்டாகத் தடுக்கப்பட்டிருப்பதால், அதிகபட்சம் பத்து விதைகள். பயிரிடும் இரகங்களில் முற்றிய காயும் பெரும்பாலும் மூடியே இருக்கும். ஆகவே, காய் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று ஒலித்தாலே போதும்: துணிப்பையிலிட்டு நசுக்கி, முறத்தில் புடைத்துக்கொள்ளலாம். ஈரம் மட்டும் படக்கூடாது. விதைத்தோல் கொழகொழத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லினன் நார்தான் வேண்டுமென்றால், தண்டின் அடிப்பகுதி மஞ்சளாகும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். அப்போது விதை முழுமையாக முற்றியிருக்காது. எனவே தொட்டிகளை இப்போதே நாருக்கு, விதைக்கு என்று பிரித்துவிடுங்கள்.

மறுவிதைப்புக்குப் பருத்தி விதை எடுப்பதாக இருந்தால், உங்களுடையது ஒட்டு இரகமா, அதாவது இரு இரகங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினமா, என்று முதலில் பாருங்கள். ஒட்டு இரகத்தின் விதை தாய்ச்செடியின் குணத்தோடு வராது. கருங்கண்ணி போன்ற நாட்டு இரகத்தின் விதையைத் தயங்காமல் எடுத்து வைக்கலாம்.