கையெழுத்து சாயப் படத்துக்கு; செய்தது வேறு

கேள்வி: புதுக்குடியிருப்பில் வசிக்கிறேன், வயது 33. பிள்ளைப்பேறு தள்ளிப்போனதால் இருபது மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய், சாயம் ஏற்றிக் கருக்குழாய்களை எக்ஸ்ரே எடுத்தேன். அப்போதே வலது குழாயின் அடைப்பைக் கதீட்டர் என்ற மெல்லிய குழலால் திறந்துவிட்டார்கள். நான் ஒப்பமிட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, யாரும் விளக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதே குழாயில் கரு தங்கி வெடித்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் குழாயை அகற்றினார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், சகோதரி. ஆனால் கதீட்டரைக் குற்றம் சொல்லிப் போனால் தோற்போம். கருப்பையோடு குழாய் சேரும் இடத்து அடைப்பை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி மெல்லிய கம்பி செலுத்தித் திறப்பது ஏற்கப்பட்ட சிகிச்சை. குழாயில் கரு தங்குவது அதன் அறியப்பட்ட ஆபத்து. பழுதுபட்ட குழாயில் சிகிச்சை இல்லாமலும் நேரும். கவனயீனம்தான் இழப்புக்குக் காரணம் என்று நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கிய ஒரு வழக்கு, அந்த இடத்தில் சறுக்கி, 2001இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு சதமும் இல்லாமல் முடிந்தது.

உங்கள் பலம் வேறிடத்தில் இருக்கிறது. "நாள் தள்ளினால் உடனே வந்து ஸ்கான் செய்யுங்கள்" என்று யாராவது சொன்னார்களா? நேரத்தோடு கண்டிருந்தால் வெடிக்குமுன் ஊசிமருந்தாலேயே கரைத்துக் குழாயைக் காப்பாற்ற வாய்ப்பிருந்தது. இதைச் சொல்ல, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத மகப்பேற்று நிபுணர் ஒருவர் தேவை. உண்மையில் வழக்கைவிட இவரைத் தேடுவதுதான் கடினம். ஒரு மருத்துவருக்கு எதிராக இன்னொருவர் கூண்டில் ஏறத் தயங்குவார்.

படிவம் அவர்களுக்கு முழுக் கவசமாகாது. வாசிக்கத் தெரியாத மொழியில் இட்ட ஒப்பம், விளங்கிச் சம்மதித்ததற்குச் சான்று என்று எளிதில் சாதிக்க முடியாது.

காலம்தான் பயமுறுத்துகிறது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வழக்குப் போட இரண்டு வருடமே தருகிறது. குழாய் வெடித்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு, அதை நம்பியிராதீர்கள். சிகிச்சை நாளிலிருந்து எண்ணினால் கையில் நான்கு மாதம்.

எனவே எக்ஸ்ரே படம், படிவம், பில் ஆகியவற்றின் பிரதிகளை இந்த வாரமே பதிவுத் தபாலில் கேளுங்கள். பில்லில் கதீட்டருக்குத் தனியாகப் பணம் எடுத்திருந்தால் நமக்கு நல்லது, அது சாயப் படத்திலிருந்து வேறான சிகிச்சை என்று காட்ட உதவும். அரசாங்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். சம்பவம் நடந்த இடம் யாழ்ப்பாணம் என்பதால் வழக்கும் அங்கேதான். ஒவ்வொரு தவணைக்கும் பரந்தன் வழியாகப் பஸ் ஏறத்தான் வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால், சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு வருமானச் சான்றிதழோடு போங்கள்.