குளக்கட்டில் கணக்குப் பாடமா?

கேள்வி: என் மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். புதிதாக வந்த ரீச்சர் கிழமையில் இரண்டு நாள் பிள்ளைகளைக் குளக்கட்டுக்கும் பாலை மரத்தடிக்கும் கூட்டிக்கொண்டு போகிறார். கணக்கும் சுற்றாடலும் அங்கேதானாம். இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்தவர்கள் நாங்கள். கட்டடம் வந்த பிறகும் எங்கள் பிள்ளைகளுக்கு மரத்தடிதானா? புலமைப்பரிசில் பரீட்சையும் வருகிறது. பெற்றோர் சிலர் சேர்ந்து அதிபரிடம் முறையிடப் போகிறோம். உங்கள் கருத்து என்ன?
(பெற்றோர் ஒருவர், மாங்குளம்)

பதில்: தாராளமாக முறையிடுங்கள். போவதற்கு முதல் மகளின் கொப்பியை வாங்கி ஒருக்கால் புரட்டிப் பாருங்கள். ரீச்சர் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே என்ன படிப்பித்தார் என்று ஒரு வரி இல்லை. அதிபர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் கோபம் விளங்காமல் இல்லை. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோதும், பிறகு 2008, 2009இலும் வன்னியில் பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு மரம், ஒரு கரும்பலகை, பக்கத்தில் ஒரு பதுங்குகுழி. மேலே வண்டு என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் சுற்றத் தொடங்கினால் பாடம் பாதியில் நிற்கும். உரப்பையை விரித்து இருந்து எழுதிய தலைமுறைக்கு, கதிரை மேசையோடு வகுப்பறை கிடைத்த பிறகு மரத்தடி என்றாலே கசக்கும். அது நியாயம்தான். ஆனால் அந்தக் கசப்பை இந்த ரீச்சர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அன்று மரம் கூரைக்குப் பதிலாக நின்றது. பிள்ளைகள் மரத்துக்கு முதுகைக் கொடுத்துக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எந்த மரம் என்று கேட்டால் பலருக்கு நினைவே இருக்காது. இன்று வகுப்பறை இருக்கிறது; அதை விட்டு எழும்பிப் போய் மரத்தைப் பார்க்கிறார்கள். 1901இல் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கி மரநிழலில் வகுப்பு வைத்தபோது, காசில்லாததால் அப்படிச் செய்கிறார் என்று யாரும் பரிதாபப்படவில்லை. அதே முறையைப் பார்த்து இலங்கையில் ஹொரணையில் ஸ்ரீபாளி என்ற பள்ளி தொடங்கியபோது அவரே வந்து 1934இல் அடிக்கல் வைத்தார். வசதியுள்ளவர்கள் தேடிப் போய்ச் செய்வதை நாங்கள் செய்தால் மட்டும் ஏழ்மையா?

சரி, குளக்கட்டில் அப்படி என்ன கணக்கு இருக்கிறது? குளத்து நீரைத் திறந்துவிடும் மதகான துருசடியில் அடிக்கணக்குப் போட்ட அளவுகோல் ஒன்று நிற்கும். கிழமைக்கு ஒருமுறை பிள்ளைகள் அதை வாசித்துக் கொப்பியில் குறித்து வரைபு கீறினால், மாரியில் கோடு ஏறுவதும், துருசு திறந்த பிறகு இறங்குவதும் தெரியும். துருசு பூட்டியிருந்தும் பங்குனி, சித்திரையில் கோடு ஏன் இறங்குகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆவியாதல் பாடம் அந்த இடத்திலேயே தொடங்கிவிடும்.

இன்னும் ஒன்று. கிளிநொச்சியின் இரணைமடு, நிரம்பினால் 36 அடி நீர் நிற்கும் குளம். 18 அடி நீர் நின்றால் அரைக்குளம் என்று வளர்ந்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அரைவாசி இல்லை, அதைவிட நன்றாகக் குறைவு. குளம் கோப்பை போல அடியில் ஒடுங்கி மேலே விரிந்தது. மேலே உள்ள ஓர் அடியில் நிற்கும் நீர் வேறு, தரையோடு உள்ள ஓர் அடியில் நிற்கும் நீர் வேறு. கனவளவு என்ற பாடத்தைக் கரும்பலகையில் பெட்டி கீறிப் படித்த பிள்ளைக்கு இது பிடிபட நாள் எடுக்கும். அலைகரையில் நின்று, நீர் வற்ற வற்ற விளிம்பு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று காலால் அளந்த பிள்ளைக்குச் சொல்லியே கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது வருடாவருடம் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டம், குளத்து நீருக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்காரர் கூடிப் பேசுகிற இடம். ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி. ஒரு சின்னக் குளத்தில் சிறுபோகம் என்கிற கோடைப் பயிருக்கு 1200 ஏக்கர் அடி மிஞ்சியிருக்கிறது, நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை ஏக்கர் விதைக்கலாம்? 300. குளத்தின் கீழ் 200 குடும்பம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர். இது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை செய்யக்கூடிய பிரித்தல் கணக்கு. இதைச் செய்து பார்க்காமல்தான் பெரியவர்கள் கூட்டத்தில் சத்தம் போடுகிறோம்.

பாலை மரத்தடிக்கும் வருவோம். காலை வெயிலில் ஒரு மீற்றர் தடியை நிலத்தில் நட்டு அதன் நிழலை அளக்கட்டும். 60 சென்ரிமீற்றர் வருகிறது. அதே நேரம் மரத்தின் நிழல் 9 மீற்றர். மரம் ஏறாமலே அதன் உயரம் 15 மீற்றர் என்று சொல்லிவிடலாம். பெரிய வகுப்பில் இயல்பொத்த முக்கோணி என்று இதே பாடம் திரும்ப வரும்போது, இந்தப் பிள்ளை முழிக்காது.

மண்ணுக்கும் செலவில்லை. சோடாப் போத்தல் ஒன்றில் வயல் மண்ணும், இன்னொன்றில் மேட்டுக் காணி மண்ணும் போட்டு, நீர் விட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால் போதும். மணல் உடனே அடியில் இருக்கும், வண்டல் அதற்கு மேல் படியும், களி மறுநாளும் கலங்கலாக நிற்கும். ஏன் வயலில் நீர் நிற்கிறது, மேட்டில் ஏன் இறங்கிப் போகிறது என்பதற்கு அந்தப் போத்தல்களே சாட்சி. நீர்க்கரை மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால் இன்னும் நல்லது. ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னிவிட்டு நிறுத்தும். பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் மிச்ச வேலை. பிடிக்காவிட்டால் அது அரைகுறைக் கூடாகவே தொங்கும். ஒரே மரத்தில் முடிந்த கூடு எத்தனை, முடியாதது எத்தனை என்று எண்ணச் சொன்னால் பின்னக் கணக்கும் வந்துவிடும்.

பரீட்சைக்கு வருகிறேன். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பது முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை அரச பாடத்திட்டத்தில் உள்ள பாடம். ரீச்சர் தன் பொழுதுபோக்குக்குச் செய்யவில்லை. புலமைப்பரிசில் வினாத்தாளிலும் அதற்கு இடம் உண்டு. அதையும் மாதிரி வினாத்தாளை மனப்பாடம் செய்தே கடக்கலாம் என்பது ரியூசன் வாத்திமாரின் கணக்கு. காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை பள்ளிக்கூடம், பிறகு இருட்டும் வரை ரியூசன் கொட்டில். ஒரு பத்து வயதுப் பிள்ளை நாள் முழுக்கக் குனிந்து எழுதுவதைப் பற்றி எந்தப் பெற்றோரும் எங்களுக்குக் கேள்வி அனுப்பியதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் மேலதிகமாக வெளியே வகுப்பு வைத்து மூன்று வருடம் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. வழமைபோல் படித்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வெளியே போனவர்களில் சுமார் 30 பேருக்கு. கண்ணாடிக் கடைக்குப் போகிற செலவையும் கொஞ்சம் கணக்கில் சேருங்கள்.

அதற்காக ரீச்சரிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. கேட்க வேண்டியவை உங்கள் கடிதத்தில் இல்லை, அதுதான் என் குறை. இது வன்னி. போகிற பாதையும் மரத்தடியும் மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட இடமா, பற்றைக்குள் எந்தப் பிள்ளையும் இறங்காமல் பார்க்க ஆள் இருக்கிறதா? குளம் நிரம்பி வான் பாயும் நாளில் குளக்கட்டுக்குப் போகிறார்களா? முதலை இருக்கிற குளம் என்றால் அலைகரையில் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார்கள்? முதல் நாள் இரவு யானை வந்ததா என்று யாரிடம் விசாரிக்கிறார்கள்? மரத்தில் குளவிக்கூடு பார்த்தார்களா? வெயில் ஏறுவதற்கு முதல் திரும்பி வருகிறார்களா? நடக்கக் கஷ்டப்படுகிற பிள்ளையை வகுப்பில் தனியே விட்டுவிட்டுப் போகிறார்களா? திரும்பி வந்து வகுப்பறையில் இருந்து, பார்த்ததை எழுதுகிறார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். எழுதாமல் விட்டால் அது வெறும் உலாத்தல், அப்போது நானும் உங்களோடு வந்து முறையிடுவேன்.

இத்தனையையும் ஒரு ரீச்சர் தனியே பார்க்க முடியாது. முறையிட வரும் பெற்றோரில் கிழமைக்கு இரண்டு பேர் கூடப் போனால் பாதிப் பிரச்சினை தீரும். நீங்கள் கமம் செய்கிறவர் என்றால் இன்னும் வசதி. துருசு எத்தனை சுற்றுத் திறந்தால் உங்கள் வாய்க்காலுக்கு நீர் எப்போது வந்து சேரும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்தப் பாடத்தை நீங்களே எடுக்கலாம், ரீச்சர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.